ஏரிக்கு மேல் முப்பத்தொரு அடுப்பு

எங்கள் ஹாக்ஸ்கோம் ஊரில் ஓட்டுப் போட நிலம் வேண்டாம். ஊர் எல்லைக்குள் தனக்கென்று ஓர் அடுப்பு இருந்து அதில் பானை கொதித்தால் போதும். அப்படி முப்பத்தொரு அடுப்பு இருந்தது. தேர்தலன்று வேட்பாளர் அடுப்படுப்பாக வந்து பானையிலிருந்து ஒரு கரண்டி வாங்கிக் குடிப்பார். குடித்துவிட்டால் அந்த ஓட்டு அவருடையது. நாலு தலைமுறையாக தர்ல்ஸ்டன் வீட்டாரைத் தவிர யாரும் எங்கள் கரண்டியில் வாய் வைத்ததில்லை.

நான் சர் காட்ஃப்ரே தர்ல்ஸ்டனின் வண்டிக்காரன், சைலஸ். இருபத்திரண்டு வருஷம் அவரை லண்டன் பாராளுமன்றத்துக்கு வண்டியில் கூட்டிப் போயிருக்கிறேன். அங்கே அவர் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. ஆனால் மந்திரிகள் பேசும்போது அவரைப் போல ஆமாம் என்று தலையாட்ட ஆளில்லை. ஆட்டிய வேகத்தில் மூன்று தடவை பொய்முடி கழன்று முன்வரிசைக்காரர் மடியில் விழுந்திருக்கிறது. மூன்றாவது தடவை அந்த மனிதர் பூனை என்று நினைத்துத் தடவிக் கொடுத்தார்.

அவருக்கு நாலு பிள்ளைகள். மூன்று பேரை அம்மை கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது அம்புரோஸ். தன் இடத்தில் அவனை உட்கார வைத்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும், அது ஒன்றுதான் சர் காட்ஃப்ரேக்கு வேண்டியிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி லேடி ஹானோரியாவுக்கு, ஜன்னலைத் திறந்தால் எங்கள் புகைபோக்கிகள் தெரிவதால் தலைவலி வந்தது. லண்டனிலிருந்து ஒரு தோட்ட நிபுணர் வந்து பார்த்து, இந்த இடத்தில் ஊருக்குப் பதில் ஏரி இருந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார். ஓடையை மறித்து அணை கட்டினார்கள். எங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் புது வீடுகள் கிடைத்தன. குறை சொல்லக் கூடாது, நல்ல வீடுகள். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் ஊர் எல்லை கிடையாது. இருபத்திரண்டு வருஷம் சட்டம் செய்தவருக்கு இது தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

தை மாதக் குளிரில் தேர்தல் வந்தது. அப்பாவுக்குப் பதில் அம்புரோஸ் நின்றான். எதிர்த்து நின்றவர் பிரிஸ்டல் நகரத்துச் சாராய வியாபாரி பேக்ஷா. எல்லைக்குள் மிஞ்சியிருந்த ஒரே குடிசையை வாங்கி மூன்று அடுப்புப் போட்டு மூன்று ஆளைக் குடிவைத்திருந்தார். மூன்று ஓட்டு. எங்களுக்கு ஒன்றுமில்லை.

சர் காட்ஃப்ரே என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்யா சைலஸ், உன் அடுப்பு இப்போ எங்கே இருக்கு?"

"நடு ஏரியிலே, தண்ணிக்கு அடியிலே எஜமான். மீன் குடியிருக்கு."

"எல்லைக்குள்ளேதானே?"

"மீனா எஜமான்?"

"அடுப்புய்யா. ஏரிதான் உறைஞ்சு கிடக்கே. அவனவன் அடுப்புக்கு நேர் மேலே தீ மூட்டட்டும். அடுப்புக்கும் பானைக்கும் நடுவிலே எத்தனை அடி இருக்கணும்னு சட்டத்திலே சொல்லலே."

தேர்தல் அதிகாரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். சொல்லவில்லைதான்.

முப்பத்தொரு குடும்பமும் விறகும் பானையுமாகப் பனிக்கட்டிமேல் இறங்கினோம். அவரவர் வீடு இருந்த இடத்தை நடந்து அளந்து கண்டுபிடித்தோம். பிரிங் வீட்டுக்காரி பக்கத்து வீட்டு டோர்காஸைக் கையை நீட்டி மறித்தாள்.

"எங்கேடி வர்றே? அது என் சமையல்கட்டு. சுத்தி வா."

"சுவரே இல்லையேக்கா."

"சுவர் இருந்தப்போ மட்டும் தட்டிட்டா வந்தே?"

அம்புரோஸ் ஒவ்வொரு தீயாக வந்து பட்டாணிக் கஞ்சி குடித்தான். இருபத்துமூன்று வயது, நல்ல பசி. நாலாவது பானையிலேயே ஜெயித்துவிட்டான். முப்பதாவதற்கு வரும்போது பனிக்கட்டியின் மேல் தண்ணீர் கசிந்து பூட்ஸ் நனைந்தது. கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அப்பா, முப்பது ஆயிடுச்சு. கீழே என்னமோ சத்தம் கேக்குது. போதும்."

"நாலு தலைமுறையிலே ஒரு பானையை விட்டதில்லே. சைலஸோடதையும் குடிச்சிட்டு வா."

என் பானை கொதிக்கவில்லை. கொதிக்காத பானைக்கு ஓட்டில்லை.

"என்ன சைலஸ், கொதிக்குமா, இல்லே கிழவனாயிட்டு வரட்டுமா?"

"இதோ சின்ன எஜமான். இன்னொரு கட்டை போட்டா கொதிச்சிடும்."

போட்டேன். கொதித்தது. அவன் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்று கரண்டியை என்னிடம் நீட்டினான். நான் வாங்கினேன். பனிக்கட்டி வாய் திறந்தது. தீயும் பானையும் அவனும் போனார்கள். நான் இந்தப் பக்கம் கரண்டியோடு நின்றேன்.

கரையில் அதிகாரி கணக்கைப் படித்தார். முப்பத்தொன்றுக்கு மூன்று. அம்புரோஸ் தர்ல்ஸ்டன் வெற்றி.

அணையை வெட்டினார்கள். ஒன்பது நாளில் ஏரி வடிந்தது. அவன் என் பழைய வீட்டுக்குள் இருந்தான். அடுப்போரமாக, குளிருக்கு ஒதுங்கினவன் மாதிரி சாய்ந்திருந்தான். நான் சொல்கிற மற்றதை நம்பாவிட்டால் போகட்டும், இதை நம்புங்கள். தூக்கியவன் நான்.

லேடி ஹானோரியாவின் ஜன்னலுக்கு வெளியே இப்போது ஊரும் இல்லை, ஏரியும் இல்லை. வெறும் சேறு. திரைச்சீலையை இழுத்து ஊசி நூலால் தைத்துவிட்டார்.

மார்ச்சில் மறுதேர்தல். தர்ல்ஸ்டன் வீட்டிலிருந்து யாரும் நிற்கவில்லை; எங்களில் யாரும் பானை எடுக்கவில்லை. சர் காட்ஃப்ரே ஒரு பானையைத் தானே சுமந்துகொண்டு சேற்றில் இறங்கி வந்தார். என் அடுப்பில் வைத்துத் தீ மூட்டினார். நான் கூடப் போய் உட்கார்ந்தேன்.

"கடைசியா என்ன சொன்னான்?"

"உப்பு கம்மின்னாரு எஜமான்."

தலையாட்டினார். பொய்முடி விழவில்லை; அவர் போட்டுக்கொண்டு வரவில்லை.

அதிகாரி வந்து, யாருக்கு ஓட்டு என்று கேட்டார்.

"அம்புரோஸ் தர்ல்ஸ்டன்."

"ஐயா, அவர்..."

"எழுதுங்க."

எழுதினார். நாலு அடி தள்ளிப் போய் அந்தப் பெயரை அடித்துவிட்டார். பேக்ஷா மூன்று ஓட்டில் ஜெயித்தார்.

பானை கொதித்துக்கொண்டிருந்தது. சர் காட்ஃப்ரே மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து உப்புப் போட்டார். கிளறினார். மறுபடி போட்டார். ருசி பார்க்க ஆள் வராததால் எவ்வளவு போதும் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.