அரை மணிக்கு ஒரு முறை

ஓட்டுநர் ஃப்ரீசர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியபோது கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

"மாமா, என்ன பண்றீங்க?" மச்சினன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். பெட்டிக்குள் கிடந்தது அவனுடைய அக்கா. ஓட்டுநரின் மனைவி. விடியற்காலையில்தான் போயிருந்தாள்.

"அரை மணி நேரம்தான்ப்பா."

"வெயில் கொளுத்துது. முகம் மாறிடும். நாலு மணிக்குப் பொண்ணு வந்து எதைப் பாக்கும்?"

ஓட்டுநர் எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு பின்னறைக்கு நடந்தார். ஆறு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த கால்கள். உட்கார்ந்தால் எழ மாட்டோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

காலை ஒன்பதுக்கே சூடு தாங்காமல் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது. பெட்டி கொண்டுவந்தவர் இரக்கப்பட்டு ஒரு சின்ன ஜெனரேட்டரை விட்டுப்போயிருந்தார். "ஒரு மோட்டார்தான் இழுக்கும் சார். ரெண்டு போட்டீங்கன்னா படுத்துடும்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனார்.

பின்னறையில் இன்னொரு மோட்டார் இருந்தது. தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கிற மோட்டார். தொட்டிக்குள் சிமெண்ட் வில்லைகளில் ஒட்டிய நாற்பது பவளத் துண்டுகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. ஆய்வு நிலையத்துக்காகக் கடலில் முங்குவது அவள் வேலை. போன கோடையில் கடல் கொதித்துப் பவளத்திட்டு மொத்தமும் வெளுத்தபோது, ஒரு மேடு மட்டும் நிறம் மாறாமல் நின்றது. அதிலிருந்து வெட்டி வந்தவை இவை. இந்தக் கோடையில் அந்த மேடும் செத்துவிட்டது. நிலையத்தில் இடமில்லாததால் இவை வீட்டிலேயே இருந்தன.

"தொட்டிக் குடித்தனக்காரங்களுக்கு ஏசி, எனக்கு விசிறி மட்டை. நடத்து தாயே, நடத்து" என்பார் ஓட்டுநர். அவள் சிரிப்பாள்.

தெர்மாமீட்டர் முப்பதரை காட்டியது. நிலையத்துப் பெண் காலையில் போனில் அழுதிருந்தாள். அழுகைக்கு நடுவே, "இங்க இடம் பண்ணிட்டோம், ஆனா பவளத்தை எடுக்க வண்டி நாளைக்குத்தான் சார் வரும். இருபத்தெட்டை ரொம்பத் தாண்டாம பாத்துக்கங்க, ப்ளீஸ்" என்றிருந்தாள்.

மச்சினன் பின்னாலேயே வந்து நின்றான். "சூடு தாங்குற பவளம்னுதானே அக்கா சொன்னா? பின்ன எதுக்கு மாமா இதுக்குக் குளிர்ந்த தண்ணி?"

"தாங்குதேன்னு போட்டு வாட்டலாமா? தாங்கித் தாங்கி இப்பத்தான் சித்த உக்காந்திருக்கு."

சொன்ன பிறகு அவருக்கு அவள் ஞாபகம்தான் வந்தது.

அவர் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. முதல் தடவை அவள் கொண்டுவந்த துண்டுகளைக் கொன்றது அவர்தான். ஒரு மத்தியானம் ட்யூட்டி முடிந்து வந்தவர், புழுக்கம் பொறுக்காமல் இந்தப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டேபிள் ஃபேனை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டார். சாயங்காலம் தொட்டி வெளுத்துக் கிடந்தது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டாள், அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். நாலு அறை விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பாவி, கடைசி வரைக்கும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அரை மணி முடிந்ததும் ஒயர் கூடத்துக்குப் போனது. அடுத்த அரை மணிக்குப் பின்னறைக்கு வந்தது. யாரோ ஒரு அம்மாள், "துக்க வீட்ல என்ன கூத்து இது!" என்றார். மூன்றாவது தடவை மச்சினனே வந்து ஒயரை வாங்கிக்கொண்டான். "நீங்க உக்காருங்க மாமா. நான் மாத்துறேன்."

நாலேகாலுக்கு மகள் வந்தாள். பையைக்கூட இறக்காமல் பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் கை கண்ணாடியைத் தடவிப் பார்த்தது. தலை நிமிர்ந்தது.

"அப்பா, பெட்டி ஏன் ஓடல?"

பெற்ற மகளிடம் இதை எப்படிச் சொல்வது?

"கரண்ட் இல்லம்மா. ஜெனரேட்டர்ல ஒண்ணுதான் ஓடும்." ஓட்டுநர் பின்னறைப் பக்கம் கை காட்டினார். "இது அதுங்க முறை. அம்மா முறை நாலரைக்கு."

பின்னறையிலிருந்து மோட்டார் சத்தம் வந்துகொண்டிருந்தது. மகள் அந்தப் பக்கமே பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"தண்ணி எவ்வளவுல இருக்கு?"

"இருபத்தொம்பது."

அவள் ஒரு நாற்காலியைப் பெட்டியின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நாலரை அடித்ததும் மச்சினன் ஒயரை எடுக்க எழுந்தான். மகள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"இன்னும் பத்து நிமிஷம் ஓடட்டும் மாமா."

பெட்டிக் கண்ணாடியில் உள்ளே ஈரம் பூத்திருந்தது. அவள் மூடியைக் கொஞ்சம் தூக்கி, துப்பட்டா முனையால் அதைத் துடைத்தாள், அம்மாவின் முகம் தெரிகிற அளவுக்கு.