டீச்சர் கையிலிருந்த பாஸ்வேர்ட்

தபால்காரருக்கு இல்லை என்ற சொல்லே வாயில் வராது. பக்கத்து வீட்டுக்காரர் குடை கேட்டால் கொடுத்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு வந்து நிற்பார். அந்தக் குணத்தை மனுஷன் கம்ப்யூட்டரிடமும் காட்டினாரே, அதுதான் அவர் மனைவி டீச்சருக்கு வந்த வினை. அனுமதிக்கலாமா என்று திரையில் ஒரு பெட்டி முளைத்தால் போதும், என்ன ஏதென்று படிக்கக்கூட மாட்டார், "ஆம்" என்பதைத் தட்டிவிடுவார்.

ஒரு சீட்டு விளையாட்டை ஏற்ற அப்படி ஆம் சொல்லப்போய், அதோடு வைரஸும் புகுந்து, டீச்சர் மூன்று வருஷமாகக் கம்ப்யூட்டரில் எழுதிவந்த பாடப் புத்தகத்தில் இரண்டு அத்தியாயம் அடியோடு போயிற்று. அழுது, மூக்கைச் சிந்திய கையோடு டீச்சர் ஒரு காரியம் செய்தாள். அட்மின் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அவருக்குச் சாதாரண லாகின் ஒன்று போட்டுக் கொடுத்தாள். இனி எதை ஏற்றுவதானாலும் அவளுடைய பாஸ்வேர்ட் வேண்டும்.

தபால்காரர் முகம் சுண்டிப்போயிற்று. ஊரே கடிதங்களை நம்பிக் கொடுத்த ஆளைக் கட்டிய பெண்டாட்டி நம்பவில்லையே என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். டீச்சருக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

போன இரண்டு அத்தியாயத்தையும் டீச்சர் மறுபடி எழுதி முடித்துவிட்டாள்; புத்தகத்தைப் பதிப்பகத்துக்கு அனுப்ப நான்கே நாள் பாக்கி. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், தபால்காரர் போனை மடியில் வைத்துக்கொண்டு வாடிப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாளாம். மிஷினில் கோளாறு, சரிசெய்து தருகிறேன் என்றாளாம். அவள் சொன்ன இடத்திலெல்லாம் இவர் தட்ட, கடைசியில் பெட்டி பாஸ்வேர்ட் கேட்டதாம். முக்கால் மணி நேரம் அவள் கெஞ்ச, இவரும் பிறந்த நாள், கல்யாண நாள், நாயின் பெயர் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"பாவம், அந்தப் பொண்ணுக்கு ஒரு உதவி பண்ண முடியல," என்றார்.

டீச்சர் கைப்பையைக் கீழே போட்டாள். ஓடிப்போய் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். பதினாலு அத்தியாயமும் பத்திரமாக இருந்தன. போனில் பேசியவள் திருட்டுக்காரி என்று பக்குவமாக எடுத்துச் சொன்னதும் தபால்காரர் ஆடிப்போய்விட்டார். தான் ஒன்றுக்கும் லாயக்கில்லை என்று தலையைக் குனிந்துகொண்டார். திட்ட வாயெடுத்த டீச்சருக்கு அவர்மேல் பிரியம்தான் பொங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள நம்பாம இல்லங்க. பாஸ்வேர்ட சொல்லிடுறேன், எழுதிக்குங்க."

தபால்காரர் கையை உருவிக்கொண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"வேணாம் டீச்சர். எனக்குத் தெரிஞ்சா, யாராவது கேட்டா குடுத்துடுவேன்."