சாத்துவதற்கு முன்

தம்பி உள்ளே போனதும் அவள் குளிர் அறையின் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு சுவரிலிருந்த குமிழைப் பிடித்து, அதற்கு மேல் திரும்பாத இடம் வரைக்கும் திருகினாள். மோட்டார் ஒரு முறை உறுமி வேகம் பிடித்தது.

"அண்ணி, வேதப்புத்தகம் கிடைச்சுதா? பாஸ்டர் கேக்குறாரு." பின்வாசலில் தம்பி மனைவி.

"கிடைச்சிடுச்சு. நீ போ, வரேன்."

கறிக்கடையும் வீடும் ஒரே கட்டடம். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் சின்ன முற்றம். வீட்டுக் கூடத்தில் அவள் கணவர் பெட்டிக்குள் படுத்திருந்தார். நேற்றுக் காலை கடை வாசலில் வைத்து அவரைக் குத்திக் கொன்றவன், இப்போது குளிர் அறைக்குள் உரித்துத் தொங்கவிட்ட ஆடுகளுக்கு நடுவே நின்றிருந்தான். அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

போலீஸ் அவனை எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தது. அவன் தூரமாக எங்கேயும் போகவில்லை. இரவோடு இரவாகச் சுவரேறிக் குதித்து வந்து, பூட்டிக் கிடந்த கடைக்குள் வெட்டுக்கட்டைக்குப் பின்னால் சுருண்டு கிடந்திருக்கிறான். பெட்டியில் வைப்பதற்காக அவருடைய வேதப்புத்தகத்தை எடுக்க வந்தவளின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, சத்தம் போடாத. வெளிய போலீஸ் நிக்குது. வேணும்னு பண்ணலக்கா. எப்படி நடந்துச்சுன்னே தெரியல."

முற்றத்தில் காலடி கேட்டதும் அவனே எழுந்து ஓடி, கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் நுழைந்தான்.

"சாத்திடுக்கா. அவ போனதும் திற."

கேட்டான், சாத்தினாள். அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து வெகுகாலம் ஆயிற்று. இந்தக் கடையில் ஒரு நாள்கூட உடம்பு வளைத்து வேலை பார்க்காதவனுக்கு அது எப்படித் தெரியும்?

கைப்பிடி உடைந்த நாளிலிருந்து அவள் கணவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கதவைச் சாத்துவதற்கு முன் தலையை உள்ளே நீட்டி, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிடுவார். பதில் வருமோ என்று சற்று நிற்பார். அதன் பிறகுதான் தாழ்ப்பாள். கடையில் அவர் ஒருவர் மட்டும் இருக்கும்போதும் இதே கதைதான். சந்தைக்காரர்கள் விடுவார்களா? "என்ன பாஸ்டரே, ஆடு ஏதாவது பதில் சொல்லுச்சா?" என்பார்கள். கறிக்கடைப் பாஸ்டர் என்றே அவருக்குப் பெயர். "சொல்லல. அதனால நிம்மதியா சாத்துறேன்" என்பார் அவர்.

பட்டப்பெயர் சும்மா வந்ததில்லை. வாங்க வந்தவரிடமே, "இது கிழடுங்க, வேகாது. நாளைக்கு வாங்க, நல்லதா தரேன்" என்று சொல்லி அனுப்புவார். தராசுப் பக்கம் நிற்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரியில் பார்க்க ஆளில்லாமல் கிடப்பவர்களுக்கு எலும்பு சூப் காய்ச்சி எடுத்துக்கொண்டு போவார். காய்ச்சுவது அவள், நல்ல பெயர் அவருக்கு.

"இப்படியே வாரிக் குடுங்க. உங்க ஆண்டவர் வந்து கல்லாவுல உக்காருவாரா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"அவர் எப்பவோ வந்துட்டாரு. நீதான் நகர்ந்து இடம் குடுக்க மாட்டேங்குற."

அவளுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதரோடு முழுசாக ஒரு சண்டை போட முடிந்ததே இல்லை.

அலமாரியிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்தாள். பக்க ஓரமெல்லாம் கொழுப்புக் கை பட்டுப் பட்டுப் பழுப்பேறியிருந்தது. கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். உள்ளேயிருந்து அவன் குத்துவது கையில் அதிர்ந்தது, காதில் அவ்வளவாக விழவில்லை. தடித்த கதவு. நல்ல கதவு என்று நினைத்தாள்.

கூடத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தை அவர் நெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அறுத்துத் தைத்த உடம்பை வெள்ளைச் சட்டை மறைத்திருந்தது. மறைத்தால் என்ன, கத்தி எங்கே இறங்கியது என்று அவளுக்குத் தெரியும். விலாவுக்குக் கீழே, இரண்டு இடத்தில்.

தம்பி மனைவி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள். ஒரு கண் இன்னும் வீங்கி மூடியிருந்தது. இடது கையில் கட்டு. போன வாரம் அவன் குழாயால் அடித்த அடி. அந்த நிலையில் தெருவில் கிடந்தவளைக் கூட்டிவந்து, தன் அறையைக் காலி செய்து கொடுத்தார் கறிக்கடைப் பாஸ்டர். "இது உன் வீடும்மா. நீயா போறேன்னு சொல்ற வரைக்கும் யாரும் உன்னைக் கூட்டிட்டுப் போக முடியாது" என்றார். மற்றவர்களாக இருந்தால் இப்படிச் சொல்லிவிட்டு மறந்துபோவார்கள்.

நேற்று அவன் குடித்துவிட்டு வந்து வாசலில் நின்று கத்தியபோது, அவர் ஒரு ஆட்டுத் தொடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கத்தியை முன்மேடையில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். வெறுங்கையோடு போய் அவன் முன்னால் நின்றார். அந்தக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு போயிருந்தால் அவன் பக்கத்திலேயே வந்திருக்க மாட்டான், கோழைப்பயல்.

"மாப்ள, அவ வரமாட்டா. அடிச்சே தீரணும்னா என்னை அடிச்சிட்டுப் போ."

அடித்தான். உதடு கிழிந்தது. மறுபடி அடித்தான், அவர் மேடையில் மோதிச் சரிந்து நிமிர்ந்தார். கை ஓங்கவில்லை. அதுதான் அவனுக்கு வெறியைக் கிளப்பியிருக்க வேண்டும். மேடையைத் துழாவிய கையில் கத்தி மாட்டியது. முந்தின நாள் அவரே தீட்டிய கத்தி. எலும்பு மூட்டுக்குள் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும்.

தினமும் ரத்தத்தில் நிற்கிறவள் அவள். ஆனால் அது இவ்வளவு சூடாக இருக்கும் என்று நேற்றுத்தான் தெரிந்தது. இரண்டு கையாலும் அடைத்தாள், அடைபடவில்லை. அவன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான். சந்தையே இரும்புக் கம்பியும் கல்லுமாக அவன் பின்னால் ஓடியது. அவர் அவள் மடியில் கிடந்தபடி அந்தப் பக்கமே பார்த்தார்.

"அவன அடிக்க வேணாம்னு சொல்லு."

அதுதான் கடைசி. அவள் நிமிர்ந்து, தொண்டை கிழியக் கத்தினாள். "விடாதீங்க! அடிச்சே கொல்லுங்க!"

அவர் காதில் அது விழுந்ததா என்று தெரியாது. விழாமல் இருந்திருக்க வேண்டும் என்று நேற்றிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

பாட்டு முடிந்தது. சபைப் பாஸ்டர் குனிந்து மெதுவாகக் கேட்டார். "கடைசியா ஏதாவது சொன்னாராம்மா? ஜெபத்துல சொல்லலாம்னு கேக்குறேன்."

"ஒண்ணும் சொல்லல."

தம்பி மனைவி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "என்னாலதானே அண்ணி. நான் இங்க வந்திருக்கவே கூடாது."

அவள் மனம் குளிர் அறைக்குள் இருந்தது. ஆடு விறைப்பதை எத்தனையோ முறை பார்த்தவள். முதலில் காது, பிறகு கால் நுனி. மனிதனுக்கும் அப்படித்தான் இருக்கும். போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம், தெருமுனையில்தான் வண்டி நிற்கிறது. கூப்பிட்டால் என்ன ஆகும்? கோர்ட்டு, வக்கீல், ஜாமீன். ஒரு நாள் வெளியே வந்து இதே தெருவில் மீசையை முறுக்கிக்கொண்டு நடப்பான். அவர் மண்ணுக்குள் இருப்பார். வேண்டாம். இந்தக் கதவு போதும்.

தண்ணீர் எடுக்கிற சாக்கில் முற்றத்துக்கு வந்து காது கொடுத்தாள். தொம், தொம் என்று கேட்டது. நன்றாகக் குத்து என்று நினைத்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு சுகம் பரவியது. உண்மையிலேயே சுகம். மறுபடி ஒரு முறை வந்தபோது சத்தம் இல்லை.

கூடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தாள். அம்மா செத்த வருஷம் அவனுக்குச் சட்டை மாட்டத் தெரியாது. எப்போதும் ஒரு பொத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் தொங்கியும் வந்து நிற்பான். அவள்தான் எல்லாவற்றையும் கழற்றி, கீழிருந்து மறுபடி போட்டுவிடுவாள். இது இப்போது எதற்கு ஞாபகம் வர வேண்டும்? பல்லைக் கடித்தாள். அப்போதே கழுத்தைத் திருகிப் போட்டிருக்கலாம்.

பாஸ்டர் ஜெபித்து முடித்தார். பெட்டிக்காரர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எத்தனையோ பெட்டிகளை மூடியவர், குரலில் அவசரமும் இல்லை, அழுகையும் இல்லை. மூடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பாக்க வேண்டியவங்க இன்னும் யாராவது இருக்கீங்களா?"

கேட்டுவிட்டு, பதில் வருமோ என்று சற்று நின்றார்.

அவள் எழுந்துவிட்டாள். தம்பி மனைவி கையைப் பிடித்தாள், உதறினாள். "அம்மா, மூடுற நேரத்துல எங்க போறீங்க?" என்றார் பெட்டிக்காரர். "மூடாதீங்க. வந்துடுறேன்."

முற்றத்தைத் தாண்டிக் கடைக்குள் வந்தாள். போகிற போக்கில் வெட்டுக்கட்டையின் மேல் கிடந்த பெரிய கத்தியை எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. வெட்டினாலும் வெட்டியிருப்பாள். தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவை இழுத்தாள். வெள்ளையாகக் குளிர் காலில் வந்து விழுந்தது.

"உள்ளே யாராவது இருக்கீங்களா?"

அவள் கேட்க நினைக்கவில்லை. அவர் குரலின் ஏற்ற இறக்கத்தோடு அதுவாகவே வாயில் வந்தது.

பதில் இல்லை. தொங்கும் ஆடுகளை விலக்கிக்கொண்டு போனாள். கடைசி ஆட்டுக்குக் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலம். புருவத்தில் வெள்ளை. கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகங்கள் பெயர்ந்து, விரல்களில் ரத்தம் உறைந்திருந்தது. கண் மட்டும் அசைந்து அவளைப் பார்த்தது. பிறகு அவள் கையில் இருந்த கத்தியைப் பார்த்தது. அவன் தலையைத் தாழ்த்திக் கழுத்தைக் காட்டினான். கெஞ்சக்கூட இல்லை.

அவனை அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போட்டாள். கதவருகே ஆணியில் அவருடைய தடித்த கோட்டு தொங்கியது. குளிர் அறைக்குள் போகும்போதெல்லாம் மாட்டிக்கொள்வது. சோப்பும் கொழுப்பும் கலந்த அவர் வாசனை அதில் அப்படியே இருந்தது. நேற்றிலிருந்து அவள் அதைத் தொடவில்லை. தொட்டால் உடைந்துவிடுவோம் என்று பயந்தாள்.

கோட்டை எடுத்தாள். மாட்டிவிட இரண்டு கையும் வேண்டியிருந்தது. கத்தியைத் தரையில் வைத்தாள். அவன் கைக்கு எட்டும் தூரம்தான். அவன் அதைப் பார்த்தான், அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள். தள்ளி வைக்கவில்லை. விறைத்த கையை மடக்கிக் கோட்டுக்குள் நுழைத்தாள். பொத்தானைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்து கழுத்து வரைக்கும் போட்டாள்.

"அக்..." என்றான். பல் அடித்துக்கொண்டதில் மீதி வரவில்லை.

"பேசாத." இழுத்து ஒரு அறை விட்டாள். அவன் தலை சுவரில் மோதியது. பிறகு போய் ஷட்டரைத் தூக்கி, தெருமுனையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "சார்! இங்க இருக்கான், வாங்க!"

போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். முதலில் வந்தவர் அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கித் தடியை ஓங்கினார். கூடத்திலிருந்தவர்களும் முற்றத்து வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"அடிக்காதீங்க" என்றாள் அவள்.

"என்னம்மா சொல்றீங்க? உங்க வீட்டுக்காரரைக் கொன்னவன்."

"தெரியும். அடிக்க வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நேத்தே சொன்னாரு. நான்தான் சொல்லல."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பி மனைவி ஒரு கண்ணால் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓங்கிய தடி அடிக்காமல் கீழே தாழ்ந்தது. அவனை நடத்திக் கூட்டிப்போனார்கள். தெருவில் யாரோ காறித் துப்பினார்கள். ஒரு கல் வந்து கோட்டின் முதுகில் பட்டு விழுந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரமும் அடங்கவில்லை. இனியும் அடங்குமா என்று தெரியவில்லை.

கடைக்குள் திரும்பினாள். தரையில் கிடந்த கத்தியை எடுத்துக் கழுவி அதன் இடத்தில் வைத்தாள். குமிழைப் பழைய அளவுக்குத் திருப்பினாள். கதவு இன்னும் திறந்தே கிடந்தது.

"அம்மா, பெட்டியை மூடிடலாமா?" முற்றத்திலிருந்து பெட்டிக்காரர்.

"வந்துட்டேன்."

கதவைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே நீட்டினாள்.

"உள்ளே யாராவது இருக்கீங்களா?"

ஆடுகள் அசையாமல் தொங்கின. அவர் நிற்பதைவிடச் சற்று அதிக நேரம் நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.