மூன்றாவது ஜோசப்

கொடைக்கானலில் விட்கோம் துரை வீட்டில் யார் சமைத்தாலும் அவர் பெயர் ஜோசப். முதலில் சமைத்தவருக்கு உண்மையிலேயே அந்தப் பெயர்தான். அவர் இறந்ததும் துரை கல்லறையில் கல் வைத்தார். அடுத்து வந்த உபகாரம் என்பவரையும் ஜோசப் என்றே கூப்பிட்டார். உபகாரம் மதுரைக்குப் போன பிறகு வந்தவர் என் கணவர் மரியசெல்வம்.

"உங்க பேரை அவருகிட்டச் சொல்லலாம்ல" என்பேன்.

"சொன்னேன். நல்ல பேருன்னாரு. மறுநாளே, ஜோசப், முட்டை வேகலைன்னாரு. விடு புள்ள. அவரு கூப்பிடுறது ஆளை இல்ல, அடுப்பை."

துரை கிரேக்கம் கற்பித்து ஓய்வு பெற்றவர். கிரேக்கப் புராணங்களில் ஒரே பெயரில் வரும் சில்லறை மனிதர்களைப் பிரித்துக்காட்டி ஓர் அகராதி தயாரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கை நடுங்கும். அதனால் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்திருந்த என்னை அகராதிக் குறிப்பு அட்டைகளைப் பார்த்து எழுத வைத்தார். மெலனிப்பஸ் என்ற பெயர் இன்னும் மறக்கவில்லை. ட்ராய் நகரத்துப் போரில் மட்டும் அந்தப் பெயரில் மூன்று பேர் செத்தார்கள். ஒருவன் அம்பு பட்டு விழுந்தான். ஒருவன் எங்கோ மாடு மேய்த்துக்கொண்டிருந்தவன். சண்டை என்று கேட்டு ஊர் திரும்பி, ஈட்டியில் செத்தான். இன்னொருவனைப் பற்றிப் பெயரைத் தவிர ஒன்றுமே இல்லை.

"ஒரு வரியில் வருகிறார்கள், அதே வரியில் சாகிறார்கள், அம்மா" என்பார் துரை. "அவர்களை ஒருவரோடு ஒருவர் குழப்புவது பெரிய அநியாயம்."

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மழையில், துரைக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. மலைவாழைத் தார் வாங்கிவர மரியசெல்வத்தை அடுக்கத்துக்கு அனுப்பினார். அது என் கணவர் பிறந்த ஊர், பழகிய பாதை. தாரைத் தோளில் வைத்து ஏறி வரும்போது வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தார். மறுநாள்தான் உடலைத் தூக்கி வந்தார்கள்.

மழை விடவில்லை. அவரைப் புதைத்த மண்மேடு கரைந்துகொண்டே வந்தது. இப்படியே போனால் இடமே தெரியாது என்று பயந்து துரையிடம் போனேன். என் வீட்டுக்காரர் பேர் போட்டு ஒரு கல் வேண்டும் என்றேன்.

துரை கண்ணாடியைக் கழற்றினார். "ஜோசப்புக்குக் கல் வைத்தாயிற்றே, அம்மா. நான்தானே வைத்தேன்?"

"அது வேற ஆளுங்க, ஐயா. இவரு மரியசெல்வம். அடுக்கம் லூர்துசாமி மகன். உங்களுக்கு வாழைத்தார் எடுக்கப் போயிச் செத்தவரு."

அவர் முகம் சிவந்துவிட்டது. "குழப்பிவிட்டேன். என் வேலையில் செய்யவே கூடாத பிழை" என்றார்.

பெரியகுளத்திலிருந்து லாரியில் நல்ல கருங்கல் வந்தது. இங்கிலீஷில் வெட்டியிருந்தது: ஜோசப், மூன்றாமவர், லூர்துசாமியின் மகன், அடுக்கத்தவர்.

"பேரு மரியசெல்வம்னு சொன்னேனேங்க."

"சொன்னாய். ஆனால் நான் அறிந்தவர் ஜோசப் அல்லவா? இனி யாரும் இவரைக் குழப்ப மாட்டார்கள்." அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கல்லைப் பதிக்க வந்த கல்தச்சர் சேனாதிபதியிடம், "அந்தப் பேரைக் கொத்தி எடுத்துருங்கண்ணே" என்றேன்.

"கொத்துனா குழி விழுகும், தாயி. சமையக்காரங்கள்ல இம்புட்டுப் பெரிய கல்லு இங்க எவனுக்கு இருக்கு? பேசாம இருக்கட்டும்னு விடு."

"அப்பப் புரட்டிப் போடுங்க. பின்பக்கம் வெட்டுங்க."

"துரை கேட்டா?"

"கேக்கட்டும்."

தமிழில் மரியசெல்வம் என்று மட்டும் வெட்டினார். துரையின் எழுத்து மண்ணுக்குள் போயிற்று. அதோடு நான் அட்டை எழுதப் போவதையும் விட்டேன். அதற்குள் ஆடலூர் வேலப்பன் சமையலுக்குச் சேர்ந்திருந்தான். நெற்றி நிறையத் திருநீறு. அவனும் ஜோசப்தான்.

அடுத்த வருஷக் கல்லறைத் திருநாளன்று துரை லில்லிப் பூக்களோடு வந்தார். வேலப்பன் குடை பிடித்தான். கம்பை ஊன்றி வரிசை வரிசையாகத் தேடிவிட்டு என்னிடம் வந்தார்.

"அம்மா, மூன்றாவது ஜோசப் எங்கே?"

"இங்க அப்படி யாரும் இல்லைங்க."

குனிந்து எங்கள் கல்லை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இவர் யார்?"

ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. இரண்டாம் தடவை சொல்ல எனக்கு மனமில்லை. குனிந்து மெழுகுவத்தியைப் பற்றவைத்தேன். அவர் பூக்களை வேலப்பன் கையில் கொடுத்தார்.

"வாடிவிடும், ஜோசப்" என்றார். "வீட்டுக்குப் போனதும் தண்ணீரில் வை."