சீர்த்தட்டில் ஆந்தை

அந்த வாரம் முழுக்கச் சுடர்விழி உடம்பில் எலும்பே இல்லை. பகலெல்லாம் துணிக்கடையில் சேலை விரித்துப் போட்டு, மடித்து வைத்து, மறுபடி விரித்துப் போட்டு முடித்து வந்தால், வீட்டில் பிஸ்கட் வேலை காத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளின் பர்த்டே பார்ட்டிக்குப் பிஸ்கட்டில் பூனை, முயல், மீசைக்காரர் என்று முகம் செய்து கொடுப்பாள். ஓவன் வேண்டாம், வேகவைக்க வேண்டாம். கடையில் வாங்கின பிஸ்கட், உருக்கின சாக்லேட், கலர் மிட்டாய், முந்திரி, அவ்வளவுதான். "வேகவே வெக்காத வேலை, இதுல என்னம்மா கஷ்டம்?" என்று ரெட்டியார்பாளையத்தில் கேட்காத ஆள் கிடையாது. கேட்டவர்களை உட்காரவைத்து நூறு பிஸ்கட்டுக்குக் கண் ஒட்டச் சொல்லணும். அப்போது தெரியும் சேதி.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் நாத்தனார் கலைமகள் போன் பண்ணினாள். ரெண்டு வருஷமாகப் போக்குவரத்து இல்லாத நாத்தனார்.

சண்டைக்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை. சுடர்விழியின் மாமியார் எட்டு மாசம் படுத்த படுக்கை. புரட்டிப் போட்டது, துடைத்துவிட்டது, கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தது எல்லாம் இவள்தான். அந்தம்மா கண்ணை மூடின அன்றைக்கு, வீடு நிறைய ஜனம் இருக்கும்போது, பக்கத்து வீட்டுத் தனக்கொடியிடம், "அப்பாடா, இன்னிக்காவது செத்த நேரம் படுக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். அது கலைமகள் காதில் விழுந்தது. "எங்கம்மா எப்ப போவாங்கன்னு காத்துக்கினு இருந்தியா நீ?" என்று பிணத்துக்குப் பக்கத்திலிருந்தே கத்தினாள். சொன்னது தப்புதான். சாவு வீட்டில் வாய்க்குப் பூட்டு வேண்டும். ஆனால் எட்டு மாசம் தூங்காதவள் வாய்க்கு யாரய்யா பூட்டுப் போடுவது?

இப்போதும் கலைமகள் இவளிடம் பேசவில்லை, அண்ணனிடம்தான் பேசினாள். "எம் பொண்ணு நெலவரசிக்குக் காது குத்தறோம்ண்ணா. உன் மடியில உக்கார வெச்சிதான் குத்தணும், வந்துடு." கொஞ்சம் நிறுத்தி, "அண்ணி செய்யறாங்களே, அந்தப் பிஸ்கட்ட புள்ளைங்களுக்குக் கொண்டாரச் சொல்லு" என்றாள்.

சுடர்விழியின் புருஷன், ஏசி மெக்கானிக் எழிலரசன், போனை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது சுடர்விழி பார்த்தது அம்மா சாவுக்கு மட்டும்தான்.

"தாய்மாமன் சீர் குறையில்லாம போவணும் சுடர். இதுவும் கெட்டுதுன்னா எனக்குத் தங்கச்சியே இல்ல."

பழம், வளையல், பாவாடை சட்டை, ஸ்வீட் எல்லாம் அவன் வாங்கிவிடுவான். பிஸ்கட் தட்டு இவள் தலையில். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தன் வாயால் கெட்டது தன் கையாலாவது சரியாகட்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது.

ஆனால் கை ஓய்ந்து போயிருந்தது. பூனைக்கு மீசை வரையணும், முயலுக்குக் காது வெட்டணும். எது சுலபம் என்று யோசித்தாள். ஆந்தைதான் சுலபம். பெரிய பிஸ்கட்டில் சாக்லேட்டைத் தடவி, குட்டி க்ரீம் பிஸ்கட்டைத் திருகிப் பிரித்து, க்ரீம் ஒட்டின பாதிகளை ரெண்டு கண்ணாக வைத்து, நடுவில் மிட்டாயைப் பதித்து, கீழே ஒரு முந்திரியை மூக்காகச் செருகினால் முடிந்தது கதை. எந்தப் பார்ட்டியிலும் பிள்ளைகள் அதைத்தான் முதலில் தூக்குவார்கள். அரைத்தூக்கத்தில் செய்துகொண்டே போனாள். சின்ன வயசில் ராத்திரி ஆந்தை அலறினால் போர்வைக்குள் பதுங்கினவள்தான் இவளும். அது ஆந்தை, இது பிஸ்கட் என்று அவள் மனசு இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. களைப்பு அப்படி ஆளைக் குருடாக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோரிமேட்டுப் பக்கம் ஒரு சின்ன மண்டபம். மேளம் முன்னே போக, உறவுப் பெண்கள் ஆளுக்கொரு தட்டு ஏந்தி நடந்தார்கள். வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். கலைமகளின் மாமியார் தையல்நாயகி ஒவ்வொரு தட்டாகத் துணியை விலக்கிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், சுடர்விழியின் தட்டுக்கு வந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அய்யய்யே! இன்னாடி இது?"

தட்டு நிறைய ஆந்தைகள் முழித்துக்கொண்டிருந்தன.

"சாவுக்குருவிய யாராவது சீர்த்தட்டுல வெச்சித் தூக்கினு வருவாங்களா? பச்சப் புள்ளைக்குக் காது குத்தற எடத்துல!"

மேளம் நின்றது. சுடர்விழிக்கு அப்போதுதான் உறைத்தது. சாவு வீட்டில் ஒரு வார்த்தை விட்டதற்கு ரெண்டு வருஷம். இப்போது சாவுக்குருவியையே கையில் ஏந்தி நிற்கிறாள். எப்பேர்ப்பட்ட புத்திசாலி!

எழிலரசன் திரும்பிப் பார்த்தான். "உனக்கு வேற எதுவுமே கெடைக்கலயா சுடர்?" என்றான். அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மெதுவாகக் கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது.

"ஒரு தட்டு வாசல்ல நின்னா எல்லாத் தட்டும் நின்ன மாரிதான்" என்றார் தையல்நாயகி. "ஓரவஞ்சனையா பேசறேன்னு நெனைக்காதீங்க. எம் பேத்திக்கு ஒண்ணுன்னா நாளைக்கி யார் பதில் சொல்றது?"

கலைமகள் உள்ளே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பத்தர் வந்துட்டாராம்மா?" என்று கேட்டாள் சுடர்விழி. தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"காது குத்தற பத்தர் இல்லாமயா? வழியில வராரு."

"அவர் வரதுக்குள்ள மாத்திடறேன். ஒரு ஆந்தகூட இருக்காது."

பதிலுக்குக் காத்திருக்காமல் தட்டைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். பேப்பர் விரித்த மேசையில் தட்டை வைத்து நாற்காலியில் விழுந்தாள். எழுந்து பஸ் பிடித்து எங்காவது போய்விடலாமா என்றிருந்தது. அழுவதற்கும் தெம்பு வேண்டும் இல்லையா? அது இல்லை. ஒரு ஆந்தையைக் கையில் எடுத்தாள். சித்திரை வெயிலில் சாக்லேட் இளகியிருந்ததால் மிட்டாயும் முந்திரியும் தொட்டதும் கையோடு வந்தன. கண்மணி போனதும் அது ஆந்தையாகத் தெரியவில்லை. முந்திரியை ரெண்டு வட்டத்துக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக வைத்தாள். கண்கள் ரெண்டும் இறக்கையாகிவிட்டன. மிட்டாயை இறக்கை ஓரத்தில் ஒட்டினாள். பட்டாம்பூச்சி.

நாலைந்து முடித்திருப்பாள். பக்கத்து நாற்காலி இழுபட்டது.

"நவுருங்க அண்ணி."

கலைமகள். புதுப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ.

"பொடவையெல்லாம் கறையாவும் கலை."

"ஆவட்டும்."

ஒரு ஆந்தையை எடுத்துக் கண்ணைப் பிடுங்க ஆரம்பித்தாள். வெளியே தையல்நாயகி சமையல்காரரை விரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"போன வருஷம் பாத்ரூம்ல விழுந்து எங்க மாமியாருக்கு இடுப்பு ஒடஞ்சிது" என்றாள் கலைமகள், தலையைத் தூக்காமல். "மூணு மாசம் படுக்கை. நான்தான் பாத்தேன். ஒரு நாள் விடியக்கால கூப்புடறாங்க, கூப்புடறாங்க, என்னால எழுந்திரிக்கவே முடியல. இவங்க போய்ச் சேந்தாதான் இன்னான்னு நெனச்சிட்டேன் அண்ணி."

சுடர்விழி கையை நிறுத்தினாள்.

"நீங்களாவது எங்கம்மா போனதுக்கு அப்பறம் படுக்கலாம்னு சொன்னீங்க. நான் உயிரோட இருக்கறவங்களப் போயி..." கலைமகள் பிடுங்கின முந்திரியைத் தட்டில் போட்டாள். "அதுக்கப்பறம் உங்களுக்கு எத்தினியோ வாட்டி போன் பண்ணலாம்னு எடுத்தேன். எந்த மூஞ்ச வெச்சினு பண்றது?"

சரியாப் போச்சு என்று இத்தோடு விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்லிக் கட்டிப்பிடித்திருப்பார்கள். சுடர்விழிக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பு இல்லை.

"நானும் நெனச்சேன் கலை. உங்கம்மா உயிரோட இருக்கும்போதே. ஒரு நாள் இல்ல, தெனமும் நெனச்சேன். நெனச்சிட்டு எழுந்திரிச்சிப் போயி வாயில கஞ்சி ஊத்துவேன்."

கெடுத்தாச்சு, மறுபடியும் இந்த வாய் கெடுத்தாச்சு. கூடத்துக்கு வெளியே எழிலரசனின் சட்டை தெரிந்தது. தங்கச்சி அழைப்பாளா, அனுப்புவாளா என்று தெரியாமல் அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருந்தான்.

கலைமகள் அசையவில்லை. கையில் பாதிக் கண் பிடுங்கின பிஸ்கட். அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. இதோ எழுந்திரிக்கப் போகிறாள் என்று நினைத்தாள் சுடர்விழி.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள் கலைமகள்.

"தெரிஞ்சிருக்கும். ஒரு நாள் என் கையப் புடிச்சிக்கினு, சீக்கிரம் போயிடறன்டின்னு சொன்னாங்க. வாய மூடுங்கன்னு திட்டினேன்."

கலைமகள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். சாக்லேட் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் அப்பிக்கொண்டாள். ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. அழுதுகொண்டே மிச்சக் கண்ணையும் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த பிஸ்கட்டை எடுத்தாள்.

பத்தர் வந்துவிட்டார் என்று குரல் வந்தபோது தட்டில் ஒரு ஆந்தைகூட மிச்சமில்லை. தையல்நாயகி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ம்ம், இது லட்சணமா இருக்கு. இத மொதல்லயே செய்யறதுக்கு இன்னா?" என்றார். மருமகள் முகத்தைப் பார்த்து, "நீ ஏன்டி கரி பூசினு நிக்கற?" என்றும் கேட்டார்.

எழிலரசன் பலகையில் உட்கார்ந்து மடியில் குழந்தையை வாங்கிக்கொண்டான். சுடர்விழி தூணோரமாக ஒதுங்கி நின்றாள். கலைமகள் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணன் மட்டுமா மாமன்? நீங்களும் உக்காருங்க. எம் புள்ள காலப் புடிச்சிக்குங்க."

உட்கார்ந்தாள். பத்தர் கம்பியை எடுத்ததும் குழந்தை மண்டபமே அதிர அலறியது. குட்டிக் கால்கள் ரெண்டையும் சுடர்விழி இறுகப் பிடித்துக்கொண்டாள். பார்க்கப் பொறுக்காமல் கலைமகள் பின்னாலிருந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ரொம்ப கனமாகத்தான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.