பங்குனி மலையில் எண்ணிய தலைகள்

பங்குனியில் மலையேறலாமா என்று என்னிடம் யாராவது கேட்டால் முதலில் எனக்குக் கோபம்தான் வரும். கேட்கிறவர்கள் யாரும் பதிலைக் காதில் வாங்குவதில்லை. "தண்ணி கம்மியா இருக்கும்ல சார், அப்ப ஈஸிதானே" என்பார்கள். ஈஸியாம்!

மார்கழியில் அந்த மலைக்குப் போனால் ஓடை சத்தம் போட்டே ஆளை விரட்டும். எங்கே கால் வைக்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பங்குனியில் அதே ஓடை இளைத்துப்போய்ப் பாறை இடுக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். மடுவெல்லாம் தெளிந்து அடித்தரை தெரியும்; இடுப்பளவுதான் என்று இறங்கினால் இரண்டாள் ஆழம். வெளுத்துக் காய்ந்த பாறை செருப்பை நன்றாகப் பிடிக்கும். அதற்குக் கீழே, தண்ணீர் வடிந்துபோன இடத்தில், கறுப்பாக ஒரு பட்டை இருக்கும். அதுவும் காய்ந்த மாதிரிதான் தெரியும். அதில் கால் வைத்தால் தொலைந்தது. எல்லாவற்றிலும் மோசம் சருகு. மேலே புரசமரம் ஆரஞ்சு நிறத்தில் பூத்து நிற்பதைப் பார்த்து போட்டோ எடுப்பார்கள். கீழே சரிவு முழுக்க முழங்கால் வரைக்கும் சருகு. உள்ளே கல்லா, குழியா, பாம்பா, ஒன்றும் தெரியாது. பதினொரு மணிக்கு மேல் பாறையில் கை வைக்க முடியாது. எங்கேயாவது ஒரு பொறி விழுந்தால் காடே சரசரவென்று பற்றிக்கொள்ளும்.

பத்து வருடமாக என்னோடு வேனில் ஏறுகிற ஒவ்வொருவனுக்கும் இதைச் சொல்லி வருகிறேன். போன பங்குனியில் தப்புச் செய்தவனும் நான்தான்.

என் பெயர் ஜெயராஜ். வீடு ஆரம்பாக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் குழாய்க் கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர். பத்தொன்பது வருட சர்வீஸ். மாதம் ஒருமுறை சைரன் அடித்து ஒத்திகை நடத்துவோம். தீப்பிடித்ததாக வைத்துக்கொண்டு எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். நான் லிஸ்டை வைத்துத் தலையை எண்ணி, வாக்கிடாக்கியில் "கவுன்ட் ஓகே" என்று சொன்னால்தான் மற்றதெல்லாம். நான் எண்ணினால் ஒரு தலை தப்பாது என்று மேனேஜரே சொல்வார். எனக்கு அதில் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

நீலச்சட்டை கம்பெனி ஆள், சாம்பல் சட்டை காண்டிராக்ட் ஆள். சைரன் அடித்தால் சாம்பல் சட்டைகள் தனியாக, வேலியோரம் போய் நிற்பார்கள். அவர்களை எண்ண அவர்களுடைய மேஸ்திரி வருவார். என் லிஸ்டில் அவர்கள் பெயர் இருக்காது. நான் அந்தப் பக்கம் பார்க்கவும் மாட்டேன். பார்த்தால் எண்ணிக்கை குழம்பும்.

என் மச்சான் அன்புராஜ் சாம்பல் சட்டை. என் மனைவி ஹெலனின் தம்பி. முப்பத்தாறு வயது. பதினொரு வருடமாக எங்கள் கம்பெனியிலேயே காண்டிராக்டில் இருக்கிறான். சேர்த்துவிட்டது நான்தான். பெர்மனென்ட் ஆக்கிவிடுகிறேன் என்று கல்யாணமான புதிதில் மாமியாரிடம் வாய்விட்டதும் நான்தான். அதைப்பற்றி அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

போன பங்குனியில் எங்கள் செக்‌ஷனில் எட்டுப் பேர், என்னையும் சேர்த்து, வாராந்திர விடுமுறையில் மலைக்குக் கிளம்பினோம். ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திரா எல்லைக்குள் இருக்கிற மலை. முந்தின நாள் ஹெலன், "அன்பையும் கூட்டிக்கினு போங்களேன். லீவு நாள்ல கூட ஊட்டுலயே மொடங்கிக் கெடக்கான்" என்றாள். சரி வரட்டும் என்றேன். அவள் போனில் கூப்பிட்ட மறுநிமிடமே சரி என்று சொல்லிவிட்டானாம்.

ஐந்து மணிக்கு வேன் கிளம்பியது. ஊத்துக்கோட்டையில் நாஷ்டா. ஓட்டுநர் லோகநாதன் அந்த ஊர்க்காரர். "போயி ஜாக்கிரதையா வந்துடு நைனா, ஒரு மாசமா மழையே இல்ல" என்று சொல்லி மலையடியில் எங்களை இறக்கிவிட்டபோது மணி ஏழு. நான் வழக்கம்போல் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பேசினேன். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கறுப்புப் பட்டையில் கால் வைக்காதே. சருகில் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு நட. நான் எண்ணாமல் யாரும் இறங்கக் கூடாது. மெயின்டெனன்ஸ் ரகு, "சார், இன்னிக்காவது சைரன வூட்டுல வெச்சிட்டு வந்திருக்கலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். போட்டோ எடுத்தோம்.

சாப்பாட்டு மூட்டை ஒன்று இருந்தது. புளிசாதக் குண்டான், தட்டு, ஊறுகாய். யார் தூக்குவது என்று பேச்சே வரவில்லை. அன்பு தூக்கிக்கொண்டான். கடைசியில் வந்தான். அவன் பாரம் தூக்குவதும் பின்னால் வருவதும் எங்கள் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஒன்பதரைக்கு இரண்டாவது மடுவுக்குப் போய்விட்டோம். குளித்தோம், சாப்பிட்டோம். பத்தே முக்கால் இருக்கும், காற்று திரும்பியது. சருகு எரிகிற வாசனை. நிமிர்ந்து பார்த்தால் மேற்கே மரங்களுக்கு மேல் வெள்ளையாகப் புகை. எவ்வளவு தூரம் என்று கணிக்க முடியவில்லை. நான் விசில் அடித்தேன். பயலுகள் பாதி ஈரத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். வரிசையில் நிறுத்தினேன். தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். என்னையும் சேர்த்து எட்டு.

"கவுன்ட் ஓகே. எறங்கு."

வாய் தானாகச் சொன்னது. சத்தியமாக அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு திருப்தி கூட இருந்தது. இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிட்டோமே என்று.

பன்னிரண்டே காலுக்கு ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். வேன் நிழலில் உட்கார்ந்து ஒருவனை ஒருவன் கிண்டல் செய்துகொண்டிருந்தோம். மலையில் போன் எடுக்காது. ரோட்டுக்கு வந்ததும்தான் உயிர் வரும். முதல் அழைப்பே ஹெலன்.

"சாப்ட்டீங்களா? அன்பு எங்க கீறான்? அவன் போனுக்குப் போகவே மாட்டேங்குது. அவன்கிட்ட குடுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மறுபடியும் பார்த்தேன்.

"பின்னாடி வரான்" என்றேன். "மெதுவா வரான். அப்புறம் பேசச் சொல்றேன்."

போனை வைத்தேன். "டேய், அன்பு எங்கடா?" என்று கத்தினேன். ரகுதான் மெதுவாகச் சொன்னான்: "சாப்ட்டு முடிச்சதும் குண்டானக் கழுவ மேல் மடுவுக்குப் போனாப்ல சார். நீங்க எண்ணீங்க... சரின்னு சொல்லிட்டீங்க... நாங்களும் எறங்கிட்டோம்."

வாய்க்கு வந்தபடி ரகுவைத் திட்டினேன். ஏழு பேருக்கும் கண் பொட்டையா என்றேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். திட்டுகிறபோதே எனக்குத் தெரியும், திட்டு யாருக்குப் போக வேண்டும் என்று. லோகநாதன், "கத்தாத நைனா. நான் போயி காட்டு இலாகா ஆளுங்ககிட்ட சொல்றேன். அந்த ஆளு போட்டோ இருந்தா குடு" என்றார். ரகு போனை எடுத்து காலையில் எடுத்த படத்தைக் காட்டினான். எட்டுப் பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். எடுத்தவன் அன்பு.

நானும் ரகுவும் மேலே ஏறினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. பாறையைப் பிடித்து ஏற முடியவில்லை, சுட்டது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நான் குச்சியும் இல்லாமல், தட்டியும் பார்க்காமல் சருகில் ஓடினேன். இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். புகை வாசனை தொண்டையில் அடித்தது. "அன்பு! டேய் அன்பு!" என்று கூப்பிட்டால் பதிலுக்குக் குரங்குதான் கத்தியது.

கடைசியாக அவனை எப்போது பார்த்தேன் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். அது தெரிந்தால் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரியுமே. மூட்டை ஞாபகம் வந்தது. தட்டில் புளிசாதம் வைத்த கை ஞாபகம் வந்தது. காலையிலிருந்து அவன் முகத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை. அன்றைக்கு அவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று ரகு கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஹெலனிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? "கர்த்தரே, அவன மட்டும் குடுத்துடு" என்று வாய்விட்டு அழுதுகொண்டேதான் ஏறினேன். ரகு காதில் விழுந்தால் விழட்டும்.

இரண்டு மணிக்கு, அந்த மேல் மடுவில், அவனைப் பார்த்தோம். இடுப்புவரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். ஈரத் துண்டை முகத்தில் கட்டியிருந்தான். கழுவிய குண்டான் பக்கத்தில் பாறைமேல் கவிழ்ந்திருந்தது. புகை வந்தால் தண்ணிக்குள் இறங்கி உட்கார் என்று காலையில் நான்தான் சொல்லியிருந்தேன். வலது கணுக்கால் வீங்கிப் பந்தாக இருந்தது.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். உடனே கோபமும் வந்துவிட்டது, என் புத்தி அப்படி. "ஏன்டா, விசில் கேக்கல? செவிடா நீ?"

"கேட்டுது மாமா."

"அப்புறம் இன்னா பேஜாருடா ஒனக்கு? வரத்துக்கு இன்னா?"

அவன் துண்டை அவிழ்த்துப் பிழிந்தான். "தோ, இந்தப் பாறைமேல நின்னுக்கினு இருந்தேன். நீ எண்ணுறது கீழ நல்லாத் தெரிஞ்சுது. எட்டுன்ன. ஓகேன்ன."

"கத்தறதுதானே!"

"கத்தலாம்னுதான் வாயத் தொறந்தேன்" என்றான். "நீயா திரும்பிப் பாப்பியான்னு பாத்துக்கினு இருந்தேன் மாமா. நீ பாக்கல. அப்புறம் அவசரமா எறங்கனேன். சருகுல கால் உள்ள போயிடுச்சு. தவழ்ந்துக்கினே தண்ணிக்குத் திரும்பிட்டேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ரகு அந்தப் பக்கம் திரும்பி, தேவையே இல்லாமல், குண்டானை மறுபடி கழுவ ஆரம்பித்தான். "தப்புடா அன்பு" என்றேன். "பெரிய தப்பு." அவன், "உடு மாமா, தெனமும் நடக்கறதுதானே" என்று எழுந்திருக்கப் பார்த்தான்.

தீ எதிர்ச் சரிவில்தான் எரிந்திருக்கிறது. லோகநாதன் அனுப்பிய ஆட்கள் இரண்டு பேர் பாதி வழியில் எங்களைச் சந்தித்து அதைச் சொன்னார்கள். அவர்களும் ரகுவும் நானும் மாற்றி மாற்றித் தோள் கொடுத்து இறக்கினோம். ஒவ்வோர் அடிக்கும் குச்சியால் தட்டி, கறுப்புப் பட்டையைத் தவிர்த்து, ஏறியதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. வழியில் நான் அவனிடம் வேறு எதுவும் பேசவில்லை. என்ன பேசினாலும் பொய்யாகத்தான் இருக்கும் என்று பட்டது.

ரோட்டுக்கு வந்து அவனை வேனில் ஏற்றியபோது மணி ஆறு ஆகப்போகிற நேரம். ஹெலன் பதினேழு தடவை கூப்பிட்டிருப்பதாக என் போனில் மெசேஜ் வந்து விழுந்தது. அவள் நம்பரைப் போட்டு அன்பிடம் கொடுத்தேன். எனக்குத் தைரியம் இல்லை.

"ஒண்ணும் இல்லக்கா" என்றான் அவன். "கால் சுளுக்கிக்கிச்சு, அதான் லேட்டு. சும்மா பயப்படாத. மாமா கூடவேதான் இருந்தாரு. என்ன உட்டுட்டு ஒரு அடி நவுர்லக்கா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான், காப்பாற்றிவிட்டேன் என்கிற மாதிரி. மலையில் அவன் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை. போனைப் பிடுங்கினேன்.

"பொய் சொல்றான் ஹெலன். நான்தான் அவன மலையிலயே உட்டுட்டு எறங்கி வந்துட்டேன். மத்தியானம் நான் உன்கிட்ட சொன்னதும் பொய்யி."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏதோ ஒரு ரயில் போகிற சத்தம் போனில் கேட்டது.

"எறங்கும்போது எண்ணலியா நீங்க? ஊருக்கே எண்ணக் கத்துக்குடுப்பீங்களே."

"எண்ணினேன்."

"அப்புறம் எப்படிங்க?"

அன்பு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கணக்கு சரியாத்தான் வந்துச்சு ஹெலன்" என்றேன்.