ஓரம் மடிக்காத சணல்

பாங் வெய் ஒரு கையால், செத்தவருக்கென்று எரிக்கும் காகிதப் பணத்தை நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார். மறு கை, தான் உட்கார்ந்திருந்த மரப்பெட்டியின் பூட்டைத் தடவியபடி இருந்தது. செத்துப்போன அப்பாவின் முன்னால் மகன் மண்டியிட வேண்டும். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார்.

ஆற்றோர மதுக்கடைகளில் அந்த அப்பாவின் பாட்டைப் பாடாத வாய் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் நானே ஒருமுறை குடித்துவிட்டு வீட்டுக்குள் பாடி, துடைப்பத்தால் வாங்கியிருக்கிறேன். மகனுக்கு மட்டும் ஒரு வரிகூட அவர் சொன்னதில்லை. எழுதிவைத்ததெல்லாம் அப்பாவின் இந்தப் பெட்டியில்தான் இருக்கவேண்டும். எடுத்துப்போக மதுக்கடைப் பாட்டுக்காரிகள் வருவார்கள் என்று பாங் வெய் காலையிலிருந்தே காத்திருந்தார்.

வந்தார்கள், படகில். முன்னால் நரைத்த தலையுடன் சியூநியாங்.

மனைவி லான் பாங் வெய்யின் காதருகே குனிந்தாள்.

"என்னங்க, அவ போட்டிருக்கிற துக்கச் சணல் சட்டையைப் பாருங்க. ஓரம் மடிச்சுத் தைக்கல."

"அதுக்கென்ன?"

"பெத்த புள்ளைங்கதான அப்படிப் போடுவாங்க, உங்களை மாதிரி? மாமா உங்களுக்கு ஒரு அக்காவை விட்டுட்டுப் போயிருக்காரு போல."

பாங் வெய் பூட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதலில் அக்கா, அப்புறம் பெட்டி, அப்புறம் வீடு.

"இதை யாரு போடச் சொன்னா?" என்றார் சியூநியாங்கிடம்.

"யாரும் சொல்லல, தம்பி. படகுலயே அவசரமா வெட்டினோம். கையில ஊசி இல்ல. எங்களை யாரு சாவுக்குக் கூப்பிடுறா, முறை தெரிய?"

"தம்பின்னு கூப்பிடாதீங்க. அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"சின்ன வயசுல என்னை வித்துட்டாங்க. பாட்டு வராம அடி வாங்குவேன். உங்கப்பா பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்தாரு. அவ்வளவுதான்."

"பெட்டிக்காகத்தான வந்தீங்க?"

"அதுல என்ன இருக்கும்? அவரு எங்க எழுதினாரு? மேசையைத் தட்டிப் பாடுவாரு. நாங்க பிடிச்சுக்குவோம்."

அவர் நம்பவில்லை. எழுந்து பூட்டைத் திறந்தார். உள்ளே ஒரு தாளும் இல்லை. உலர்ந்த இலந்தைப் பழங்கள்தான் பாதிப் பெட்டிக்கு இருந்தன.

"மாமாவுக்கு இனிப்பு ஆகாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றாள் லான். "அடுப்படி டப்பா காலியாகும்போதே நினைச்சேன்."

பாங் வெய் இன்னும் சில தாள்களை நெருப்பில் போட்டார்.

"ஏதாவது ஒண்ணு பாடுங்க," என்றார், சியூநியாங்கைப் பார்க்காமல்.

அவள் மெதுவாகப் பாடினாள். சவப்பெட்டியின் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே பாடினாள். பாங் வெய் புகை வரும் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் லான் ஊசியும் நூலும் எடுத்துவந்தாள்.

"குடுங்கக்கா, ஓரம் தைச்சுடறேன். பெரியவங்க பாத்தா பேசுவாங்க."

சியூநியாங் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பாங் வெய் குனிந்து அதன் விளிம்பைக் கையில் எடுத்தார். சணலில் ஒரு மடிப்புத் தடம். அதன் நெடுகிலும் வரிசையாக ஊசித் துளைகள். ஒன்றிரண்டில் பிரித்த நூலின் துணுக்கு இன்னும் ஒட்டியிருந்தது.

அவர் விளிம்பை விட்டார்.

"வேணாம், லான். இருக்கட்டும்."

பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு மண்டியிட்டார், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.